செவிலியர் உள்ளம்

'செவிலி' என்னுஞ் சொல் தமிழில் மிகப் பழையது. அகப்பொருட் செய்யுட்களைப் பயின்றோர்க்குச் செவிலித்தாய் புதியவள் அல்லள். பெற்றவள் நற்றாய், எடுத்து வளர்த்தவள் செவிலி. தலைவி தன் காதலனோடு ஊரைவிட்டு நீங்கிய பொழுது நற்றாய் மனைக்கண் இருந்து புலம்புவாள். செவிலியோ சுரத்து வழியே தேடிச் சென்று, எதிர்வருவோரையெல்லாம் வினவிக் காணாது மீள்வாள். தான் பெறாத பிள்ளையின் பொருட்டு ஒருத்தி வருந்தும் வருத்தத்திற்கு நம் முன்னோர் துறை வகுத்து, அதனை அவள் வாயாற் கூறுதற்கு இடமும் காலமும் அமைத்து வைத்தனர். இச்செய்தி இக்கட்டுரைக்குப் பின்னும் வேண்டப்படுவதாகலின் முதற்கண் கூறினேன்.

நோயாளரைப் பேணும் மகளிரை நம் ஊரார் 'நர்சம்மா' என்பர். மருத்துவமனைக்குள் 'சிஸ்டர்' என்பதே பெருவழக்கு. ஈழத்திலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர் 'தாதி' என்பர். ஏட்டு வழக்கிலோ 'செவிலியர்' என்னும் பெயர் நிலைபெற்றுவிட்டது. இப்பெயரை இப்பணிக்கு ஆக்கினோர் நுண்ணுணர்வினர் என்றே கருதுகின்றேன். அதிலும் குழந்தைகள் மருத்துவமனையிற் பணிபுரிவார்க்கு இதனினும் பொருந்திய பெயர் கிடைத்தல் அரிது. ஆடவரும் இப்பணியிற் புகுந்துள்ளனர். எனினும் மகளிரே மிக்கிருத்தலின் பெண்பாலாகவே கூறிச் செல்வேன்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டு முதல் மின்வண்டி ஓடுகின்றது. அவ்வழியில் உள்ள எழும்பூரில் குழந்தைகள் நல நிலையமும் அதன் மருத்துவமனையும் அமைந்துள்ளன. 1968-ல் டாக்டர் எஸ். டி. ஆச்சார் அவர்களின் முயற்சியால் தோன்றி, இன்று எண்ணூறுக்கு மேற்பட்ட படுக்கைகளோடு விளங்கும் அரசினர் மருத்துவமனை அது. பல மாவட்டங்களிலிருந்தும், ஆந்திர எல்லைப்புறத்திலிருந்தும், பிற இடங்களில் தீராத நோயுற்ற குழந்தைகளைத் தோளிற் சார்த்திக்கொண்டு பெற்றோர் அங்கு வருவர். அத்தகைய இடத்திற் பணிபுரியும் செவிலியின் உள்ளத்திற்கு நேர்வது யாது, அதற்குப் பயிற்சி உண்டோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பெரியோரைப் பேணுதற்கும் குழந்தையைப் பேணுதற்கும் வேறுபாடு பெரிது. பெரியவர் தம் நோவை வாயாற் சொல்வர். ஊசி எதற்கென்று அறிவர். கைக்குழந்தை இரண்டும் அறியாது. மெலிந்த குழந்தையின் புறங்கையில் இரத்தக்குழாய் எளிதில் அகப்படாது. இருமுறை தவறி மூன்றாம் முறை ஊசி குத்துங்கால் தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செவிலிக்கு அது கூடாது. நோவைத் தீர்க்க வந்தவளே நோவைத் தருபவளாக அக்குழந்தையின் கண்ணுக்குத் தோன்றுகின்றாள். சில நாட்களில் அவளுடைய உடையைக் கண்ட அளவிலேயே அது வீறிட்டழும்.

இன்னுமொன்று. இங்கிலாந்து தேசத்து மருத்துவமனைகளில் முன்னாளில் பெற்றோரை உள்ளே விடாது, குறித்த நாளில் குறித்த பொழுதே காணவிட்டனர். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ல் இரண்டு வயதுப் பெண் குழந்தை யொன்று மருத்துவமனையில் தனித்துத் தவிப்பதைத் திரைப்படமாகப் பிடித்துக் காட்டினார். 1959-ல் வெளிவந்த பிளாட் குழுவினர் அறிக்கைக்குப் பின்னரே அவ்வழக்கம் மெல்ல மாறியது. நம் நாட்டு அரசினர் மருத்துவமனைகளிலோ தாய் கட்டிலருகே தரையிற் பாய் விரித்துப் படுத்திருப்பாள். இது குழந்தைக்கு நன்மை, ஐயமில்லை. ஆயின் செவிலிக்கு இரு நோயாளர் ஆயினர். குழந்தையின் காய்ச்சலை அளக்குந்தோறும் தாயின் கண் அவள் முகத்தின்மேல் நிற்கும். 'எப்படி இருக்குது சிஸ்டர்?' என்னும் வினாவிற்கு ஒரு நாளில் எத்தனை முறை விடை கூறவேண்டும்! உண்மையைக் கூறும் உரிமை மருத்துவர்க்குரியது; தேற்றும் கடமை செவிலிக்குரியது.

இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் மாதக் கணக்கில் வந்து வந்து செல்வர். செவிலியை 'அக்கா' என்று அழைக்கத் தொடங்குவர். மருந்து குடிப்பதற்குக் கைக்கூலியாகக் கதை கேட்பர். பின்னர் ஒருநாள் அக்கட்டில் வெறிதாகும். சிறிது நேரத்தில் விரிப்பு மாற்றப்பட்டு வேறொரு குழந்தை அதன்மேற் கிடத்தப்படும். இவ்விரண்டிற்கும் இடையே குழாய்களை நீக்குதல், சிற்றுடலைத் துடைத்தல், பதிவேட்டில் எழுதுதல், தாயின் பக்கத்தில் நிற்றல் என்று செவிலிக்கு வேலைகள் பல உள. தான் வருந்துதற்கென ஒதுக்கிய பொழுது மட்டும் இல்லை. பழைய செவிலிக்கு இருந்த துறை புதிய செவிலிக்கு இல்லையாயிற்று.

இவ்வாறு நாள்தோறும் பிறர் துன்பத்தை ஏற்று ஏற்று உள்ளம் வறண்டுபோதலை ஆங்கிலத்தில் 'கம்பேஷன் ஃபட்டீக்' என்பர். பரிவினால் வரும் அயர்வாகலின் 'பரிவயர்வு' எனத் தமிழிற் கூறலாம். அமெரிக்க தேசத்துச் செவிலியாகிய கார்லா ஜாயின்சன் 1992-ல் செவிலியர் இதழொன்றில் இப்பெயரால் இந்நிலையைக் குறித்தனர். 1995-ல் சார்லஸ் ஃபிக்லி என்னும் உளநூலறிஞர் இதனைப் பொருளாகக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். பெத் ஸ்டாம் என்னும் அம்மையார் இதனை அளத்தற்கு முப்பது வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். அதிற் பத்து வினாக்கள் பணியினாற் பெறும் மனநிறைவைப் பற்றியன; பத்து, வேலைப்பளுவால் வரும் பணியயர்வைப் பற்றியன; எஞ்சிய பத்து, பிறருடைய பெருந்துயரைக் கண்டதனால் தனக்கே வந்துற்ற அதிர்ச்சியைப் பற்றியன. நோயளவோடு நிறைவையும் அளத்தல் இதன் சிறப்பு. வருத்தம் மிக்கவரிடத்தும் நிறைவு குன்றாதிருக்கக் கூடும் என்பதை இவ்வளவுகோல் மறவாது நிற்கின்றது.

இதன் குறிகள் யாவை? உறக்கம் கெடுதல், இறந்த குழந்தையின் முகம் வீட்டில் உணவுண்ணும் பொழுதும் தோன்றுதல், தன் பிள்ளைக்குச் சிறு இருமல் கண்டாலும் பேரச்சங் கொள்ளுதல், அல்லது இதற்கு மாறாக, எதனைக் கண்டாலும் ஒன்றும் தோன்றாதிருத்தல். இப்பிற்கூறியதே கொடிது. தாய் ஒருத்தி கதறுங்கால் தன் உள்ளம் அசையாது கற்போல் நிற்றலைக் காணும் செவிலி, 'நான் கெட்டவளாகிவிட்டேனோ?' என்று தன்னையே வெறுப்பாள். அவள் கெட்டவள் அல்லள். ஊற்று வற்றுமளவும் இறைத்தவள். கிணற்றைப் பழித்தல் முறையன்று.

இந்நிலைக்குப் பழைய மருத்துவமனைகள் கண்ட மருந்து உள்ளத்தை இறுகச் செய்தலேயாம். இலண்டன் மாநகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றின் செவிலியர் அமைப்பை இசபெல் மென்சிஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்து 1960-ஐ ஒட்டி வெளியிட்ட கட்டுரை இத்துறையிற் பெயர்பெற்றது. ஒரு செவிலி ஒரு நோயாளரை முழுதும் பேணாதவாறு வேலையைத் துண்டுதுண்டாகப் பகுத்தல், நோயாளரைப் பெயராற் கூறாது படுக்கை எண்ணாலும் நோயின் பெயராலும் கூறுதல், பயிலும் செவிலியரை ஒரு கூடத்தினின்று மற்றொன்றிற்கு அடிக்கடி மாற்றுதல் என்பன அங்கு வழக்கமாயிருந்தன. இவை வேலை ஒழுங்கின் பொருட்டு எழுந்தன போலத் தோன்றினும், உண்மையில் அச்சத்தையும் துயரையும் அணுகவொட்டாமற் கட்டிய மதில்கள் என்று அவ்வம்மையார் காட்டினார். மதில் பயன்படவுமில்லை. பயிலவந்த செவிலியருள் மூன்றிலொரு பகுதியினர் பயிற்சி முடியுமுன்னரே விலகினர். அவருட் பலர் அப்பணியை விரும்பி வந்த நல்ல மாணவியர் என்பது கருதத் தக்கது. 'ஏழாங் கட்டில் நிமோனியா' என்பது போன்ற பேச்சு நம் ஊரிற் கேளாத ஒன்றன்று. அதனைக் கேட்டவுடன் செவிலியைக் கல்நெஞ்சினள் என்று பழிப்போர் அம்மதிலின் பின்னே நிற்பது யாதென எண்ணிப் பார்த்தல் நன்று.

இறுகுதலும் கூடாது, வற்றுதலும் கூடாது எனின் வேறு வழி யாது? இங்கே உளநூலார் அண்மையிற் கண்ட ஒரு வேறுபாடு பெரிதும் உதவுகின்றது. 'கம்பேஷன்' என்பது உடன் வருந்துதல் என்னும் பொருள்தரும் இலத்தீன் அடியினின்று பிறந்த சொல். ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த தானியா சிங்கரும், அவரோடு ஆராய்ந்த ஓல்கா கிளிமெக்கியும் இருவகைப் பயிற்சியை ஒப்பிட்டு நோக்கினர். முதலில் சிலர்க்குப் பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகவே உணரும்படி பயிற்சி தரப்பட்டது. துயரக் காட்சிகளைக் கண்ட பொழுது அவர் வருத்தம் மிகுந்தது. பின்னர் அவர்க்கே, துன்புறுவோர் நலம் பெறுக என்னும் அன்பெண்ணத்தை வளர்க்கும் பயிற்சி தரப்பட்டது. காட்சி கொடிதாகவே இருப்பினும் உள்ளத்தில் இதமும் வலிமையும் தோன்றின. மூளையிலும் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு பகுதிகள் தொழிற்படுதலைக் கருவிகளாற் கண்டனர். ஆகவே அயர்வது பரிவு அன்று, உடன்வருந்துதலே என்பது அவர் கொள்கை. அங்ஙனமாயின் யான் மேலே ஆக்கிய 'பரிவயர்வு' என்னும் பெயரும் சிறிது பிழைபடும். ஆயினும் வழக்கு வலிது, இருக்கட்டும்.

இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. அன்பு வேறு, அருள் வேறு என்றனர் முன்னோர். அன்பு தொடர்புடையார் மாட்டுச் செல்வது. அருள் தொடர்பு நோக்காது எவ்வுயிர்க்கும் செல்வது. தொடர்பு அறுந்தபோது அன்பு துடிக்கும். செவிலிக்கு இரண்டும் வேண்டும். அவற்றுள் நாள்தோறும் அவளைத் தாங்கவல்லது அருளே. அஃது இயல்பாகவே சிலர்க்கு அமைவது என்று வாளா இருந்துவிடாமல், பயிற்சியால் வளர்க்கக் கூடியது என்று கண்டதே புதுமை.

இனிப் பயிற்சியின் வகைகளைக் காண்போம். முதலாவது, அறிதல். இந்நிலைக்கு ஒரு பெயர் உண்டு, இது குற்றமன்று, பலர்க்கும் வருவது என்று அறிந்த அளவிலேயே பாதிச் சுமை இறங்குகின்றது. ஆண்டிற்கு இருமுறை அவ்வளவுகோலால் தன்னைத் தானே அளந்து பார்த்தலும் இதன்பாற்படும்.

இரண்டாவது, உடலினின்று தொடங்குவது. 1979-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜான் கபாட்-சின் என்பவர் நாட்பட்ட நோவுடையார்க்கென எட்டு வாரப் பயிற்சி யொன்றை ஏற்படுத்தினார். மூச்சிலும் உடலிலும் நினைவை ஊன்றி, எழும் எண்ணங்களை விரட்டாமலும் பின்தொடராமலும் நோக்கியிருத்தலே அது. பின்னர் அது செவிலியர்க்கும் ஏற்றவாறு சுருக்கப்பட்டது. இருபது குழந்தைகள் காத்திருக்கக் கண்மூடி அமர எந்தச் செவிலிக்குப் பொழுதுண்டு? ஆகலின் அவள் எப்படியும் செய்யும் ஒரு செயலோடு இதனைப் பிணைக்கின்றனர். ஒரு குழந்தையினின்று மற்றொன்றிற்குச் செல்லுமுன் கைகழுவுதல் விதி. அச்சிறு பொழுதில் தண்ணீரின் குளிர்ச்சியையும், தரையில் ஊன்றிய பாதத்தையும், உள்ளே சென்று மீளும் மூச்சையும் உணர்ந்து, முன்னைக் கட்டிலை அங்கேயே விட்டு அடுத்த கட்டிலுக்குச் செல்லப் பழக்குகின்றனர். வேலை முடிந்து வீடு செல்லுங்கால் இதுபோல் ஓர் எல்லை குறித்துக்கொள்ளவும் கற்பிப்பர். எழும்பூரில் ஏறித் தாம்பரத்தில் இறங்கும் செவிலிக்குப் புகைவண்டிப் பாதையே அதற்கு வாய்ப்பாகும்: கிண்டி வரையில் அன்றைய கூடத்தை நினைத்துக்கொள்ளலாம், பரங்கிமலையைக் கண்டதும் வீட்டை நினைக்கத் தொடங்கலாம். இது கேட்பதற்கு எளிது. பழகுதற்குப் பல நாள் வேண்டும்.

மூன்றாவது, கூடிப் பேசுதல். இதுவே யான் தலையாயதெனக் கருதுவது. பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் நுரையீரற் புற்றுநோயால் 1995-ல் நாற்பது வயதில் இறந்தார். தம் நோயின்போது செவிலியரும் மருத்துவரும் காட்டிய பரிவே தமக்கு ஆறுதலாயிற்று என்றெழுதி, அப்பரிவு குன்றாதிருக்க ஒரு நிலையத்தை ஏற்படுத்திச் சென்றார். அதன்வழித் தோன்றிய கூட்டங்கள் இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் நடைபெறுகின்றன. மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் ஒருங்கிருந்து ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவர். நோயைப் பற்றியோ சிகிச்சையின் குறையைப் பற்றியோ அன்று. அஃது ஒவ்வொருவர் உள்ளத்திலும் என் செய்தது என்பதைப் பற்றியே பேச்சு. தீர்வு காணுதல் நோக்கமன்று. கேட்டலே நோக்கம். வர்ஜீனியா மாநிலத்துச் செவிலியராகிய ஜானதன் பார்ட்டெல்ஸ் வேறொன்று தொடங்கினார்: ஒரு நோயாளர் இறந்தவுடன் சூழநின்றோர் யாவரும் சிறிது நேரம் கைகளை ஓய்த்து, இறந்தவரை நினைந்து அமைதியாய் நிற்றல். பெரும்பொருட் செலவில்லை, பெரும்பொழுதுமில்லை. விரிப்பு மாற்றப்படுமுன் அச்சிறு பொழுது ஒரு துறையாக வந்து நிற்கின்றது. மேலே செவிலியின் புலம்பலுக்கு முன்னோர் இடம் வகுத்தனர் என்றேனன்றோ? அதனையே மேனாட்டார் இப்பொழுது மருத்துவமனைக்குள் வகுக்கின்றனர் என்பது என் எண்ணம்.

நான்காவதொன்றும் உண்டு, அதற்கும் நம் இலக்கியமே சான்று. ஐங்குறுநூற்றில் முல்லைப் பகுதியில் 'செவிலி கூற்றுப் பத்து' என்றொரு பத்து உளது. பாடியவர் பேயனார். மணந்து வாழும் தலைவியின் மனைக்குச் செவிலி சென்று, கணவனும் மனைவியும் புதல்வனும் இன்புற்றிருக்கும் காட்சியைக் கண்டு மீண்டு, நற்றாய்க்கு உரைப்பதாக அமைந்தது அது. பாலையில் அழுதவளுக்கு முல்லையில் இக்காட்சி கிடைத்தது. மருத்துவமனைச் செவிலியோ இறந்த குழந்தைகளை இறுதிவரை காண்கின்றாள். பிழைத்த குழந்தைகளை வாயில்வரையே காண்கின்றாள். நலம்பெற்றுச் சென்ற குழந்தை பள்ளிக்கூடம் போவதையோ மரம் ஏறி விழுந்து அடிவாங்குவதையோ அவள் அறியாள். அவள் கணக்கில் இழப்பே நிறைந்து நிற்றல் இதனால் அன்றோ? தேறிய குழந்தைகளை ஆண்டிற்கொரு முறை வரவழைத்து அவர்களைப் பேணிய செவிலியரோடு கூட்டுவித்தல், வந்த கடிதங்களைக் கூடத்தில் ஒட்டிவைத்தல் முதலியன அலங்காரமல்ல. ஸ்டாம் அம்மையாரின் முதற் பத்து வினாக்கள் கேட்கும் நிறைவுக்கு உணவாவன.

கைக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. தாம்பரம் சானடோரியம் என்னும் நிறுத்தத்திற்குப் பெயர் தந்த மருத்துவமனை, டாக்டர் சௌரி முத்து அவர்களால் 1928-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு காசநோயாளர்க்கெனத் தொடங்கப்பெற்று, 1937-ல் அரசினர் வசமாயிற்று. 1993 முதல் எச்.ஐ.வி. நோயுற்றோர் அங்குச் சேர்க்கப்பட்டனர். தாயும் சேயுமாக வந்தோரும் அவருள் உண்டு. உடன்வந்த தொற்றுக்களைத் தணித்தலன்றி மூலநோய்க்கு இலவசமாகத் தர மருந்தில்லாத காலம் அது. செவிலியர் கொடுக்கக்கூடியது பேணுதல் ஒன்றே. 2004 ஏப்பிரலில் இந்திய அரசினர் அந்நோய்க்கு இலவச மருந்து வழங்கத் தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்றாயிற்று. மெலிந்து வந்தோர் உடல்தேறி மருந்து வாங்க நடந்து வந்தனர். ஒன்றும் செய்ய இயலாமையே அயர்வுகளிற் பெரிது. செய்தது பலித்ததைக் காணுதல் எந்த உளப்பயிற்சியினும் வலிது.

இதனாலேயே பயிற்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டியுள்ளது. இப்பயிற்சிகளை ஆராய்ந்தோர், முடிந்த உடனே அளந்து நன்மை கண்டவர் பலர். ஓராண்டு கழித்து அந்நன்மை நிற்கின்றதா என்று அளந்தவர் சிலரே. அதனினும் பெரிய இடர் வேறு. தீவிர சிகிச்சைக் கூடத்தில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலி என்பது இந்தியச் செவிலியர் கழகத்தின் அளவு. இருவர் மூவர்க்கு ஒருத்தி என்று விட்டுவிட்டு, அவள் அயர்ந்தால் மூச்சுப் பயிற்சி கற்பிப்பது, பசித்தவனுக்குப் பொறுமையைப் போதிப்பதை ஒக்கும். 2017 நவம்பரில் தமிழ்நாட்டு அரசினர் மருத்துவமனைகளின் ஒப்பந்தச் செவிலியர் பல்லாயிரவர் சென்னையிற் கூடிக் கிளர்ச்சி செய்தனர். அப்பொழுது அவர் பெற்ற மாத ஊதியம் 7,700 ரூபாய். அன்பு பெற்ற குழவியாகிய அருள், செல்வமாகிய செவிலியாலேயே வளரும் என்று வள்ளுவர் உருவகஞ் செய்தது பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் என்பதை எண்ணுக. குழவியும் செவிலியும் ஒரே குறளில் வந்தது தற்செயலாயினும், ஊதியத்தையும் ஆளெண்ணிக்கையையும் ஒதுக்கிவிட்டு அருளைமட்டும் பயிற்றுவிக்க எண்ணுவோர் அக்குறளை ஒருமுறை ஓதுதல் வேண்டும்.

பயிற்சி எப்பொழுது தொடங்குதல் தகும் என்பது மற்றொரு வினா. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லியிலும் 1946-ல் தொடங்கிய செவிலியர் பட்டப்படிப்பு இன்று நாடெங்கும் பரவியுள்ளது. 2021-ல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தில் உளநூல் முதற் பருவத்தில் வைக்கப்பட்டுள்ளது; குழந்தைநலப் பாடமோ ஐந்தாம் பருவத்தில்தான் வருகின்றது. உளநூலைக் கற்கும் மாணவி இறக்கும் குழந்தையை இன்னும் கண்டிலள். காணும்பொழுது உளநூற்றேர்வு முடிந்து ஒன்றரை ஆண்டேனும் கழிந்திருக்கும். ஐந்தாம் பருவத்தில் குழந்தைகள் கூடத்திற்கு மாணவியரை அனுப்பும் ஆசிரியைமார், வாரத்திற்கு ஒருமுறை ஒருமணி நேரம் அவரை வட்டமாக அமர்த்தி, அவ்வாரம் கண்டதைச் சொல்லச் செய்து கேட்டல் இயலும். இதற்கு அரசினர் ஆணையோ புதிய கருவியோ வேண்டா. ஓர் அறையும், கேட்கப் பழகிய ஒருவரும் போதும்.